வரிக்குப் பயந்து கட்டாத அறை

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்றார் பெரியப்பா. நல்லதோடு என் ஆற்றாமையையும் எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா பிறந்தது செங்கோட்டையில். தாத்தா அரிசி மண்டி வேலைக்காகக் கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அப்பாவுக்கு ஐந்து வயது. ஏழு பிள்ளைகளில் ஆறாவது. அண்ணன்மார் போட்டுக் கழித்த சட்டைதான் அவருக்கு எப்போதும். படித்து, நகரசபையில் கட்டிட வரி வசூலிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பஜாரில் அவர் ஏறாத படியில்லை. ஆனால் வரி வாங்கும் வீட்டில் ஒரு சாயா குடித்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டு வயதிருக்கும்போது, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறைக்கு, இங்கத்திப் பேச்சில் ஒரு முறிக்கு, அஸ்திவாரம் போட்டார்கள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கருங்கல் கட்டி, மேலே சிமெண்டும் பூசியாகிவிட்டது. அதற்குள் அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“ஒரு முறி கூட்டினா வரி கூடும். ஒரு பிள்ளை கூட்டினா எல்லாமே கூடும்” என்றார்.

“ஊர்ல எல்லாரும் பின்னால ஒண்ணு கட்டிட்டுச் சொல்லாமத்தானே இருக்காங்க?” என்றாள் அம்மா.

“அவங்க வீட்டை அளக்கறதே நான். என் வீட்டை நான் மறைக்கவா?”

அத்தோடு பேச்சு முடிந்தது. அந்தத் தரையில் அம்மா இஞ்சி காயப்போட்டாள், துணி உலர்த்தினாள். அண்ணன் தம்பி இல்லாமல் நான் வளர்ந்தேன். அப்பாவின் நேர்மையில் எனக்குப் பெருமைதான். அந்த நேர்மைக்கு விலையாக எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை குறைந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சம்பளத்தில் பிடித்த தொழில் வரியும் அப்படித்தான். எத்தனை வயிறு நிறைய வேண்டும் என்று அது கேட்டதில்லை. கேரளத்தில் பிறப்பு குறைகிறதே என்று இப்போது பத்திரிகையில் பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். எங்கள் கொல்லைக்கு வந்து அந்த வெறும் தரையைப் பார்த்திருக்கலாம். எனக்கும் ஒரே மகள்தான். வீட்டுக் கடன் இருக்கிறதே என்றார் என் கணவர், நானும் தலையாட்டினேன். அப்பாவின் மகள்தானே!

பக்கவாதம் வந்த பிறகு அப்பா ஆறு வாரம் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். எனக்கு ஆலுவாவில் வேலை, மட்டாஞ்சேரியில் அப்பா. இடையில் பஸ்ஸில் நின்றபடி, மாறிக்கொள்ள ஓர் ஆள் இல்லையே என்று அவரையே திட்டியிருக்கிறேன். அதற்காக இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்பா போன அன்று, உறவினர்கள் ஊரிலிருந்து வந்து சேராத நிலையில், தூக்க நாலு பேருக்கு எங்கே போவேன் என்று கலங்கி நின்றேன். எதிர்வீட்டுச் சேட்டன் வந்து, “மோளே, ஞங்கள் உண்டல்லோ” என்றார், நாங்கள் இருக்கிறோமே என்று. அவருக்கும், அவர் அழைத்து வந்த மண்டித் தொழிலாளர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு தந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் இத்தாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

முன்வாசலில் இடம் போதாததால், பின்னால் அந்தத் தரையில் கிடத்தித்தான் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். அம்மா அழவில்லை. அருகில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் துடைத்தாள்.

“இந்த முறியில ஒரு ஆளாவது படுத்தாச்சு” என்றாள்.

— மகள்