மூன்று பெட்டிகளில் அலைந்த ஹார்ட் பாப்

தொண்ணூறுகளின் நடுவில், நான் புலம்பெயர்ந்து வாழ்ந்த பார்க்டேலில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் ஒழுங்காக நின்றால் வேலைக் கடிதம் தருவதாக முதலாளி தவம் அண்ணை சொல்லியிருந்தார். கொழும்பு லொட்ஜில் காத்திருந்த என் மனைவி பாமாவை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிட அந்தக் கடிதம் வேண்டும்.

மூன்றாம் மாதக் கடைசிச் சனிக்கிழமை. கவுண்டரில் உறையில்லாத ஓர் எல்பி இசைத்தட்டு கிடந்தது. லேபிள் தேய்ந்து ஓரெழுத்தும் தெரியவில்லை. அப்படியானவற்றைப் போட்டுக் கேட்டு, இசை வகைக்கொரு பெட்டியாகப் பிரிப்பதுதான் எங்கள் வழக்கம். போட்டேன். ட்ரம்பெட் மெல்ல அழுதது. புளூஸ் என்று அந்தப் பெட்டியில் வைத்தேன். மனம் கேட்கவில்லை. எடுத்து மறுபக்கம் போட்டால் ட்ரம்ஸ் தலைதெறிக்க ஓடியது. சரி, ஜாஸ் பெட்டி. அடுத்த பாட்டிலோ பியானோ, ஞாயிறு தோறும் என் அறைக்குக் கீழே கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் கேட்பது போலவே இருந்தது. என்ன கோதாரியடா இது! கொஸ்பல், அதாவது தேவாலயப் பாட்டுப் பெட்டியில் செருகிவிட்டேன்.

பதினொரு மணிக்குத் தவம் அண்ணை ஒரு முதியவரோடு வந்தார்.

"கவுண்டரிலை வைச்ச ஹார்ட் பாப் எங்கையடாப்பா? இந்த மனுசன் கனகாலமாத் தேடினது. பிக்கரிங்கிலையிருந்து ரெயின் ஏறி வந்திருக்கிறார்."

"ஹார்ட் பாப்போ? அப்பிடி ஒரு பெட்டி இல்லையே அண்ணை."

"உது ஜாஸடா!"

"நான் கொஸ்பலிலை வைச்சிட்டன்."

"உனக்கென்ன விசரே? காதிருக்கோ உனக்கு?"

கடிதம் போச்சு என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்தேன். மூன்று பெட்டிகளில் மாற்றி மாற்றி வைத்த கதையை ஆங்கிலத்தில் சொன்னதும் முதியவர் சிரித்தார். அந்த இசையை வாசித்தவர்கள் புளூஸ் கேட்டு, தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர்களாம். அவற்றை பீபாப் என்ற வேகமான ஜாஸோடு கலந்ததுதான் ஹார்ட் பாப்பாம். "மூன்று பெட்டியும் சரிதான்" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்கு இன்னும் குழம்பியது. "அப்ப எதிலை வைக்கிறது அண்ணை?"

"தேடி வாற ஆள் எந்தப் பெட்டியிலை பாக்கும்? அதிலை வை. உன்ரை ஆராய்ச்சியை வீட்டிலை செய்."

கடை வேலையில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். பின்னேரம் தவம் அண்ணை வேலைக் கடிதத்தை நீட்டினார். ஜாஸ் பிரிவுக்கு நான் பொறுப்பு என்று எழுதியிருந்தது.

"அண்ணை, எனக்கு ஜாஸ் விளங்காதே!"

"எனக்கு மட்டும் விளங்குதோ? கையெழுத்து வைச்சிட்டன், கொண்டு ஓடு."

கடைக்குள்ளேயே நின்று அழுதுவிட்டேன். ஜாஸ் இன்றும் எனக்குப் பாதிதான் விளங்கும். பாமா வந்து இறங்கியது அந்தக் கடிதத்தில்தான்.