பொன்னாடைக்குப் பின்னால் ஒரு ரெய்டு

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தேன். சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறைக்கு ஆற்று வண்டல் சுமந்தேன். லாரியில் கிளீனராகப் போய், ஓசூரில் இறக்கிவிடப்பட்டு, மூன்று நாள் டீயைக் குடித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தாண்டவில்லை. வீடியோ காமிராவில் மட்டும் ஏழு வருஷம் நின்றேன். கல்யாண வீட்டில் காமிராக்காரனுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுவார்கள் என்பதுதான் முக்கியக் காரணம்.

தொழில் கற்றது திருக்கடையூரில். ஒரே நாளில் நாலைந்து அறுபதாம் கல்யாணம் எடுப்போம். ஸ்டுடியோ முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: தாலி கட்டுவது தவறினால்கூடச் சமாளிக்கலாம், மாலை மரியாதை தவறக் கூடாது. யாராவது சால்வையோ மாலையோ கையில் எடுத்தால் என் தோளில் ஒரு தட்டு விழும். காமிரா அந்தப் பக்கம் திரும்பிவிடும். கொஞ்ச நாளில் தட்டு விழுவதற்கு முன்பே என் உடம்பு திரும்பப் பழகிவிட்டது.

முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கபடி எடுத்தோம். பொங்கலை ஒட்டி ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். கோப்பையும் பரிசும் கொடுப்பது சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது கேசட். தங்கள் ஊர்ப் பையன்கள் ஆடுவதையும், நடுவில் மைக்கில் தங்கள் பேர் ஒலிப்பதையும் அங்கே பத்துப் பேரைக் கூட்டிவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். அதனால் ஆட்டத்தை எடுப்பது பாதி வேலை, பொன்னாடை போர்த்துவதை எடுப்பது மீதி வேலை. அந்த மீதியை நம்பித்தான் முதலாளி வேன் வாங்கினார்.

நான் சொல்ல வந்த போட்டி ஒரு கோயில் நிலத்தில் நடந்தது. குத்தகைக்காரருக்கும் கோயிலுக்கும் வழக்கு, தடை உத்தரவு. யாரும் ஏர் பூட்ட முடியாது. ஆகவே சுற்றுவட்டாரத்திலேயே நல்ல கபடிக் களம் அதுதான். இறுதி ஆட்டம் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும். வடக்கில் நிலம் வைத்திருப்பவர்கள், தெற்கில் அறுப்பவர்கள். கூலி ஒத்துவராமல் அந்த வருஷம் சம்பா அறுப்பு நின்றிருந்தது. மறுநாள் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை. தெற்குத் தெரு சார்பில் பேசப் போகிறவர்தான் அவர்கள் அணிக்குப் பாடிப்போகிற ரெய்டர். நெட்டையான ஆள், முப்பது வயதிருக்கும்.

கடைசி ரெய்டு. வடக்கு இரண்டு புள்ளி முன்னால். நெட்டையர் கபடி பாடிக்கொண்டு உள்ளே போனார். மூன்று பேர் மேலே விழுந்து பிடித்தார்கள். அவர் அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்து வந்தார். சரியாக அந்த நேரத்தில், கோப்பை கொடுத்த சிங்கப்பூர்க்காரரின் மாமனார் மேடை ஏறினார். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பொன்னாடை விழுந்தாக வேண்டும் என்று மனிதர் பிடிவாதம். விழாக்குழுச் செயலாளர் மேடைக்கு மேடை ராகுகாலத்தைக் கிண்டல் செய்கிற கட்சிக்காரர். அவரே சால்வையைப் பிரித்துக்கொண்டு ஓடினார். நான் திரும்பிவிட்டேன்.

விசில் கேட்டது. மறுபடி திரும்பினால், நெட்டையரின் கை என் காலடியில் கோட்டின் மேல் இருக்கிறது. நடுவர் ஒரு பி.டி. மாஸ்டர். கை பட்டது உண்மை, ஆனால் அதற்கு முன்பே பாட்டு நின்றுவிட்டது, மூச்சு விட்டாச்சு, அவுட் என்றார். நெட்டையர் எழுந்து மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"சார், நான் மூச்சு விடலைங்க."

வடக்குத் தெருக் கேப்டன் சிரித்தார். "நாளைக்கு ஆபீசுலயும் இப்படித்தான் பேசப் போறியா? இதுக்கே பொய்யின்னா, கூலி நெல்லு மரக்கால் கணக்குல என்னென்ன சொல்லுவே?"

அதன் பிறகு அது கோப்பைச் சண்டையாக இல்லை. தெற்குத் தெருப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நெட்டையர் என்னைப் பார்த்து, கேசட்டைப் போடுங்க என்றார். கேசட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஞ்சாயத்து டி.வி. அறையில் எங்கள் வீடியோ டெக்கை மாட்டினோம். உள்ளே முப்பது பேர், ஜன்னலில் அதற்கு மேல். ரெய்டர் உள்ளே போகிறார், மூன்று பேர் விழுகிறார்கள், படம் சர்ரென்று திரும்புகிறது. பிறகு திரை நிறைய மாமனார். கைகூப்பிக்கொண்டு, சால்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு.

"ஏன்யா, இவரு எந்த டீம்?" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது. முதலாளி என்னைத் திட்ட ஆரம்பித்தார். இந்தப் பாடம் அவர் சொல்லிக்கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. அடுத்த வேளைச் சாப்பாடும் அவரிடம்தானே.

நெட்டையர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை போடுங்க. பார்க்காதீங்க, கேளுங்க."

ரீவைண்ட் செய்து சத்தத்தைக் கூட்டினேன். மாமனாரின் பெருமைகள் மைக்கில் வந்துகொண்டிருந்தன. ஆனால் குழாய் ஒலிபெருக்கி களத்தின் மறுகோடியில் பனைமரத்தில் கட்டியிருந்தது. என் காமிரா மைக் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பெருமைகளுக்கு அடியில், மண்ணில் முகம் அழுந்திய குரலில், கபடி கபடி கபடி என்று வந்துகொண்டே இருந்தது. மெலிந்தது, நிற்கவில்லை. விசில். விசிலுக்குப் பிறகும் ஒரு கபடி.

ஐந்து தடவை போட்டோம். மூன்றாவது தடவையிலிருந்து பி.டி. மாஸ்டரும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் எழுந்து, மைக் சத்தத்துல எனக்குக் கேக்கலப்பா, தப்பு என்னுது, பிடிச்ச மூணு பேரும் அவுட், மூணு புள்ளி தெற்குக்கு என்றார்.

விழாக்குழு மூலையில் கொண்டுவந்து வைத்திருந்த கோப்பையை வடக்குத் தெருக் கேப்டன் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"பொய்யின்னு சொன்னது தப்புதான். ஆனா நாளைக்கு ஆபீசுல இப்படி மூச்சு விடாம பேசிடாதே. நாங்களும் நாலு வார்த்தை பேசணும்."

"பேசுங்க. கூலி நடுக்கோட்டைத் தொட்டதும் நான் நிறுத்திக்கிறேன்" என்றார் நெட்டையர், கோப்பையை வாங்கிக்கொண்டே.

பேச்சுவார்த்தைக்கு நான் போகவில்லை; திருவாரூரில் ஒரு காதுகுத்து இருந்தது. நாலு நாள் கழித்து வேனில் அந்த ஊரைத் தாண்டியபோது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நெட்டையர் வரிசையில் குனிந்திருந்தார். ஹார்ன் அடித்தோம். நிமிராமலே அரிவாளைத் தூக்கிக் காட்டினார்.