போர்வை பாயின் இடுப்பு

கவுஸ் பாஷா என்று கேட்டால் கல்வராயன் மலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. போர்வை பாய் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கள்ளக்குறிச்சி கடைவீதியில் அவருக்கு ஒரு துணிக்கடை உண்டு. வியாபாரம் எல்லாம் மலையில்தான். எக்ஸெல் வண்டியின் பின்னால் போர்வை மூட்டை ஆள் உயரத்துக்கு நிற்கும். முன்னால் கால் வைக்கிற இடத்திலும் நைட்டி மூட்டையை அடைத்திருப்பார். விடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாக ஏறி, வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர் ஊராக நிறுத்தி விற்றுவிட்டு, பொழுது சாயும் நேரத்து மஃரிப் தொழுகைக்குள் இறங்கி வந்துவிடுவார்.

என் பாத்திரக் கடை அவர் கடைக்கு அடுத்தது. பள்ளிவாசல் வரிசையிலும் நான்தான் அவருக்கு அடுத்த ஆள்.

கூச்சம் அவருக்குப் பிறவிக் குணம். தன் கல்யாணத்தில், நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்த மற்றவர்கள் முக்கால்வாசி தின்று முடித்த பிறகுதான் பிரியாணியில் கை வைத்தார். மாப்பிள்ளையே அவர்தான். மெடிக்கலில் இருமல் மருந்து கேட்கக்கூட என்னை அனுப்புகிற ஆள். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு சத்தம் வந்திருக்கக் கூடாது.

போன மழைக்காலத்தில் ஒரு மஃரிப். நெற்றியைத் தரையில் வைத்த சஜ்தாவிலிருந்து எல்லோரும் எழுகிறோம். அவர் பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பலகையில் தட்டினாற்போல இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ஆணிக்கடை சுபைர் பாய் நகர்ந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. சட்டம் பேசுவதில் கொஞ்சம் ஆசை ஜாஸ்தி.

"கவுஸ் பாய், தப்பா நெனைக்காதீங்க. காத்து பிரிஞ்சா ஒளு முறிஞ்சிடும். போய் மறுபடி கைகால் கழுவிக்கினு வந்து தொழுதுடுங்க."

இடுப்பில் வந்த சத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அத்தனை பேர் முன்னால் இடுப்பு, தொடை என்று பேச அவருக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் ஒளு செய்துவிட்டு வந்து தனியாகத் தொழுதார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். ஒரு தடவை போய்விட்டதால், அடுத்த தடவை சத்தம் வந்தபோது போகாமல் நிற்க முடியவில்லை. நின்றால் அசுத்தத்தோடு தொழுகிறான் என்பார்கள். அதனால் 'டொக்' என்றதும் தொழுகையைப் பாதியில் விட்டு, வழக்கப்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகிப் போவார். மூக்கில் ரத்தம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், ஆளின் மானம் போக வேண்டாம் என்பதற்குத்தான் அந்த வழக்கம். இவர் விஷயத்தில் அது உதவவில்லை. சத்தத்தைத்தான் ஊரே கேட்டதே.

பிறகு முன்வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். அப்புறம் வருவதையே நிறுத்தினார்.

ஒரு நாள் அவர் மனைவி ரஜியா என் கடைக்கு வந்தது.

"அண்ணே, அவரு பள்ளிக்கு வர்றாராண்ணே?"

"இன்னாம்மா, இப்பிடி கேக்கற?"

"பள்ளிக்குப் போறேன்னுதான் தொப்பி போட்டுக்கினு கெளம்பறாரு. நேத்து பாயிஸா டியூசன் முடிஞ்சி வர்றப்ப, பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து பஸ்ஸு பாத்துக்கினு இருந்தாராம். பெத்த பொண்ணு கண்ணுல பட்டுட்டாரு. ராத்திரி சோறு துன்னல."

எனக்குக் கோபம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். அதட்டியதும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது காத்து இல்ல பாய். தொடை இடுக்குல இன்னாமோ வெட்டி இழுக்குது. வலியும் இருக்குது. சுபைர் பாய் கேட்டப்ப சொல்லாம வுட்டுட்டேன். இப்ப சொன்னா நம்புவாங்களா? பொய் சொல்லி மூடறான்னுவாங்க. அல்லாவுக்கு முன்னாடி நிக்கறத மனுசனுக்குப் பயந்து வுட்டுட்டு ஓடிவந்தவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு மறுபடி போறது?"

"மூஞ்சிய அப்பறம் பாக்கலாம். மொதல்ல இடுப்ப காட்டுவோம், ஏறுங்க வண்டியில."

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் கோளாறு இல்லை என்று சொல்லி, பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தது தேவதர்ஷினி என்ற சின்ன வயசுப் பெண், தியாகதுருகத்துக்காரி. பாய் வாசலிலேயே திரும்பிவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"படுங்க அண்ணா. வலது முட்டிய மடக்கி வெளிய சாச்சி, மெதுவா கால நீட்டுங்க. எந்த எடத்துல வெட்டுதோ அங்க உங்க கையையே வெச்சிக்குங்க. நான் தொடல."

அந்த ஒரு வார்த்தையில் அவருக்குப் பாதி உயிர் வந்தது. லுங்கிக்கு மேல் தொடை மடிப்பில் கையை வைத்துக் காலை நீட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடி நீட்டினார். வரவில்லை.

"வரிசையில நின்னா மட்டும் வரும்போல," என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி நீட்டும்போது 'டொக்' என்றது. தன் கைக்குக் கீழே எதுவோ துள்ளியதை உணர்ந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கயிறு மாதிரி ஒண்ணு தாண்டுச்சும்மா."

"அதேதாங்க. முதுகெலும்புகிட்டருந்து தொடைக்கு ஒரு பெரிய சதை வருது. அதோட நுனி கயிறு மாதிரி இருக்கும். இறுகிப்போனா, மடங்கின கால நீட்டறப்ப எலும்பு மேட்டுல வழுக்கித் தெறிக்கும். அந்தச் சத்தம்தான். கால அடிக்கடி ஒசரத் தூக்குற வேல எதுனா செய்யறீங்களா?"

"போர்வ விக்கிறேன். அவ்ளோதான்."

"எதுல போறீங்க?"

வாசலில் மூட்டைகளோடு நிறுத்தியிருந்த அவர் எக்ஸெல்லைக் காட்டினோம். ஏறச் சொன்னது. பின்னால் மூட்டை, முன்னால் மூட்டை. அவர் வலது முட்டியை நெஞ்சுவரை தூக்கி, முன் மூட்டைக்கு மேலே காலை வீசி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். தினமும் நான் பார்க்கிற காட்சிதான். ஊருக்கு ஊர் இறங்கி ஏறுகிற ஆள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மொதல்ல அந்த முன் மூட்டைய எடுங்க," என்றது அந்தப் பெண்.

பிறகு பயிற்சி சொல்லிக் கொடுத்தது. வலது முட்டியைத் தரையில் ஊன்றி, இடது காலை முன்னால் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பை மெதுவாக முன்னால் தள்ள வேண்டும். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். வேண்டுமென்றே சத்தம் வரவழைத்துப் பார்க்கக் கூடாது. வலி குறைய வாரக் கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக் கணக்கிலும் ஆகும் என்றது.

"சத்தம் போயிடுமாம்மா?" அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"கம்மியாவும். முழுசா போவாமயும் இருக்கலாம். வலி இல்லாத சத்தத்தால கெடுதி இல்லீங்க."

அவர் முகம் வாடிவிட்டது.

ஆனாலும் பயிற்சியை விடவில்லை. வீட்டில் பெண்பிள்ளை இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போர்வைக் கட்டுகளுக்கு நடுவில் படுத்துப் பின்பக்கத்தைத் தூக்குவார். ஷட்டர் இடுக்கில் அதைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி என்னிடம் வந்து, "பாய்க்கு இழுப்பு வந்துடுச்சு" என்று பதறினாள். முன் மூட்டையை எடுத்துவிட்டதால், இரண்டு நாளில் விற்று முடிக்கிற சரக்குக்கு மூன்று நாள் மலை ஏறினார். வெயில் காலம் பிறந்தபோது வலி போய்விட்டது. சத்தம் எப்போதாவது வந்தது.

"வாங்க பாய் போவலாம்," என்று ஒரு மஃரிப்புக்குக் கூப்பிட்டேன். வந்தார். கடைசி வரிசைக்குப் போனவரைக் கையைப் பிடித்து என் பக்கத்தில் நிறுத்தினேன்.

தொழுகையின் முதல் சுற்று முடிந்து இரண்டாம் ரக்அத்துக்கு எழும்போது 'டொக்'. அவர் கை மூக்குப் பக்கம் பாதி தூரம் போனது. பிறகு இறங்கி, மற்றக் கையோடு சேர்ந்து கட்டிக்கொண்டது. அவர் நகரவில்லை.

சலாம் கொடுத்ததும் சுபைர் பாய் திரும்பினார். "கவுஸ் பாய், ஒளு..."

"ஒளு இருக்குது." குரல் உடைந்துதான் வந்தது. "இடுப்புல நரம்பு தட்டுது. அன்னிக்கும் அதுதான்."

"அப்ப எதுக்குப் பாய் அத்தினி தடவ எழுந்து போனீங்க?"

"நீங்க சொன்னீங்க. மறுத்துப் பேச வெக்கமா இருந்துச்சு. போய்ட்டேன். ஒளுவோட நின்ன தொழுகைய உங்க கண்ணுக்காக முறிச்சேன். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

சுபைர் பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

கூட்டுத் தொழுகைக்குப் பிறகு தனித்தனியாகத் தொழுகிற சுன்னத் தொழுகைக்கு எல்லோரும் அவரவர் இடத்தில் எழுந்தோம். எழும்போது அவர் இடுப்பு மறுபடி தட்டியது. பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். பாய்க்குக் காது சிவந்துபோனது. சிவந்த காதோடு கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.