ஸ்டிக்கர் ஒட்டிய எட்டு மிஷின்கள்

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனி மூடியபோது நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவர்கள் காம்பவுண்டுக்குள், பின்பக்க ஷெட்டில் எட்டுத் தையல் மிஷின் போட்டு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷெட் அவர்களுடையது, மிஷின் என்னுடையது. கம்பெனி திவால் வழக்குக்குப் போனதும், அதன் சொத்தை விற்க நியமிக்கப்பட்ட அதிகாரி வெளி கேட்டுக்கே சீல் வைத்துவிட்டார். மிஷின்கள் உள்ளே, நான் வெளியே.

அவை என்னுடையவை என்று சென்னைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டேன். காலை ரயிலில் போவேன், வாய்தா என்பார்கள், திரும்புவேன். சீட் கிடைத்தாலும் உட்காரப் பிடிக்காது, கதவோரம் நின்றுகொண்டே வருவேன். மிஷின்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை, பில் கிடையாது. அவை என்னுடையவைதான் என்று, என்னிடம் வேலை செய்த பெண்கள் எழுதிக் கொடுத்ததே போதும் என்று நம்பினேன்.

அதிகாரி தரப்பில் ஒரு போட்டோ காட்டினார்கள். எட்டு மிஷினிலும் கம்பெனி பெயரும் நம்பரும் போட்ட ஸ்டிக்கர். கம்பெனி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள் சோதனைக்கு வருவதற்கு முதல் நாள், கம்பெனி சூப்பர்வைசர் அவற்றைக் கொண்டுவந்தார்.

“அக்கா, இத்த மிஷின் மேல ஒட்டிடுங்க. வெளி ஆளு தைக்கிறாங்கன்னு தெரிஞ்சா ஆர்டர் போய்டும்.”

இங்கே பல ஷெட்டுகளில் நடப்பதுதான். துணியால் துடைத்து, கோணாமல் நானே ஒட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நடந்ததை நடந்தபடியே வக்கீல் எழுதிக் கொடுத்தார். அன்றைக்குக் கம்பெனியுடையது என்று காட்டிவிட்டு இன்றைக்கு உங்களுடையது என்றால் எப்படி என்று கேட்டு, மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

“அப்பீல் போகலாம்மா. அதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடும்” என்றார் வக்கீல். “வேணும்னா ஏலத்துல நீங்களும் கேக்கலாம்.”

அன்றிலிருந்து வீட்டில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஏலத்துக்கு முன் பொருளைப் பார்க்க ஒரு நாள் ஷெட்டைத் திறந்தார்கள். போனேன். அதிகாரியின் ஆளுக்கு என்னைத் தெரியாது. கரண்ட் போட்டு, ஒரு மிஷின் மேலிருந்த தூசியை ஊதினார்.

“ஓட்டிப் பாருங்கம்மா. நல்லா வச்சிருந்திருக்காங்க.”

உட்கார்ந்தேன். கால் தானாகப் பெடலுக்குப் போனது. வாராவாரம் எண்ணெய் விட்டது நான்தான் என்று சொல்ல வாய் துடித்தது. ஆசை தெரிந்துவிட்டால் விலையை ஏற்றிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

“ரொம்பப் பழசா இருக்கே” என்றேன்.