ஐப்பசியில் வந்த மாம்பழ வாசனை

மாம்பழக்கூழ் கம்பெனியில் ஒன்பது சீசன் வேலை பார்த்தவளுக்கு மூக்கு இருந்தும் இல்லாத கணக்குத்தான். வைகாசி பிறந்தால் புடவை, தலைமுடி, சோறு பிசையும் கை எல்லாமே பெங்களூரா மாம்பழம்தான் மணக்கும். அதனால் மகளின் பள்ளிக்கூடப் பை மணந்தபோதும் என் வேலைப் புடவை வாசனைதான் என்று விட்டுவிட்டேன். சீசன் முடிந்து கம்பெனி கதவைச் சாத்தி, எங்கள் ஊர் குந்தாரப்பள்ளியில் மழை கொட்டிய ஒரு மத்தியானம்தான் உறைத்தது. ஐப்பசியில் ஏது மாம்பழம்?

பையைக் கவிழ்த்தேன். நோட்டுகளுக்கு நடுவில் விரல் நீளத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குழல், மேலே மாம்பழப் படம். அப்போதுகூட ஏதோ சென்ட் என்றுதான் நினைத்தேன், மடச்சி. "இது என்னாடி?" என்று நீட்டினேன். அவள் முகம் வெளுத்ததே, அதைப் பார்த்துத்தான் இது சென்ட் இல்லை என்று புரிந்தது.

"வேப்ம்மா, இழுத்து ஊதுறது. சிகரெட்டு இல்ல. வெறும் ஆவி."

யார் சொன்னது என்றேன். செல்போனைக் காட்டினாள். அவள் வயசுப் பெண் ஒருத்தி மொட்டை மாடியில் நின்று, இதே குழலை உறிஞ்சி, வெள்ளையாக ஊதிச் சிரிக்கிறாள். சுற்றிலும் துண்டு போட்ட மாம்பழம். பார்க்க எனக்கே பிடித்திருந்தது. அதுதான் இன்னும் பயம். கூடப் படிக்கிறவளின் அண்ணன் பெங்களூரிலிருந்து திருட்டுத்தனமாக வாங்கி வருவானாம்.

"நாலு பேரு இழுக்கறப்ப நான் மட்டும் வேணாம்னா, பட்டிக்காடுன்னு ஓட்டுறாளுங்கம்மா." பதினாறு வயசு அவளுக்கு.

சீசன் ஓய்ந்தபின் எது பழம், எது எசென்ஸ் என்று என் மூக்குக்குத் தெரியாதா? குழலை முகர்ந்தேன். ஒரு சொட்டுப் பழம் கிடையாது அதில்.

பிடுங்கி ஒளித்து வைத்தேன். அடுத்த பயம் அவள் அப்பா. சூளகிரியில் கம்பெனி வேலை. கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் கோபம் வந்தால் ஒரே பேச்சுத்தான்: "படிச்சது போதும், மாமன் வூட்ல கேட்டுக்கிட்டே இருக்கறாங்க, கட்டிக் குடுத்துர்றேன்." விஷயம் தெரிந்தால் படிப்பு போச்சு, தை மாசம் கல்யாணம்தான். ஆகவே வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை எறிந்தாள். தலைவலி என்று சுவரில் முட்டினாள். நாலாம் நாள் சாயங்காலம் பாயில் சுருண்டுகொண்டு என் கையைப் பிடித்தாள்.

"வேணாம்னுதான் நெனைக்கறேன்மா. ஆனா கை அதுவா பையைத் தேடுது. எனக்கு பயமா இருக்குது."

வெறும் ஆவி இப்படியா பிடித்துக்கொள்ளும்? திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர் வேலை முடிந்து வந்தார். "பாப்பாவுக்கு என்னா?"

"காய்ச்சலுங்க."

குனிந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். "சூடே இல்லியே." திரும்பி என்னைப் பார்த்தார்.

இன்னொரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அவள் இன்னும் என் கையை விடவில்லை. டாக்டரிடம் போகாமல் இது தீராது, இவரை ஏமாற்றிக்கொண்டு போகவும் முடியாது.

"உக்காருங்க, சொல்றேன். அவ படிப்ப நிறுத்துறேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

அவர் உட்காரவில்லை. நான் சொன்னேன்.