மூன்றாம் வருஷத்து மூடி

ஜப்பான்காரர்கள் பினாங்குக்குள் வந்தபோது நான் ஒரு மோட்டார் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். வெள்ளைக்கார மேனேஜர் ஒருவரிடமும் சொல்லாமல் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். சில வாரங்கள் கழித்து அவருடைய நாற்காலியில் ஒரு ராணுவ அதிகாரி உட்கார்ந்திருந்தான். பட்டறை, கிடங்கு, அதில் வேலை செய்த நாங்கள் எல்லாரும் அவர்களுடைய உடைமை ஆனோம். ஆங்கிலேயர்கள் விட்டுப்போன லாரிகளை எப்படியாவது ஓட வைக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

புதிய சாமான் எதுவும் வராத காலம். உடைந்த லாரியிலிருந்து கழற்றி உடையாத லாரிக்குப் போடுவோம். ஆனால் ஒரே கம்பெனி, ஒரே லாரி என்றாலும் ஒரு வருஷத்துச் சாமான் அடுத்த வருஷத்து எஞ்சினுக்குப் பொருந்தாது. வால்வ் கவரையே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் தலையில் வால்வுகளை அசைக்கும் கைகளின் மேல் கவிழ்த்து வைக்கிற நீளமான தகர மூடி அது. எண்ணெய் வெளியே தெறிக்காமல் காப்பது அதன் வேலை. எங்களிடம் அதிகம் வந்த லாரியில் முதல் வருஷத்து மூடி உருண்டையாக இருக்கும்; நடு முதுகில் இரண்டு நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். இரண்டாம் வருஷத்தில் அதைத் தட்டையாக்கி, ஓரத்தில் ஆறு போல்ட் வைத்தார்கள். எண்ணெய் ஊற்றும் வாய் முன்பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்தது. மூன்றாம் வருஷத்து மூடி இரண்டாம் வருஷத்ததைப் போலவேதான் இருக்கும். அதே ஆறு போல்ட், அதே இடத்தில் வாய். உள்ளே இருக்கும் கைகளை மட்டும் சற்று உயர்த்தியிருந்தார்கள். அதனால் மூடியும் அரை அங்குலம் உயரம் கூடியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பாகங்களின் பட்டியல் புத்தகம். மற்றவர்களுக்கு நான் சொல்வேன். கையில் கறை படாத வேலை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். பேனா பிடிக்கிறவன் தப்புச் செய்ய மாட்டான் என்ற நினைப்பு எங்கள் வீட்டிலேயே இருந்தது.

பட்டறையின் பெரிய மெக்கானிக் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைக் கிராணி என்பார். எழுதப் படிக்கத் தெரியாது. எஞ்சின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடினால் எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். ஆனால் எந்தச் சாமான் எந்த வருஷம் என்பதற்கு மட்டும் என் வார்த்தைதான் அவருக்கு முடிவு.

ஜப்பான்காரர்கள் வந்து இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகி, மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு எதுவும் கிடைக்காமல் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்த நாட்களில், கிடங்கில் உள்ள எல்லாச் சாமானுக்கும் பழைய சீட்டை அவிழ்த்துவிட்டு ஜப்பானிய எழுத்தில் புதுச்சீட்டுக் கட்டச் சொன்னார்கள். இரண்டு நாள் கெடு. தலை சுற்றச் சுற்றக் கட்டினேன். மூடிகள் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பச்சைச் சாயம் அடித்திருந்ததால் அச்சடித்த எண்கள் மறைந்து போயிருந்தன. அளந்து பார்த்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்தே கட்டினேன்.

மறு வாரம் மூன்றாம் வருஷத்து லாரி ஒன்று மூடி நசுங்கி வந்தது. நான் சீட்டைப் பார்த்து ஒரு மூடியை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிராணி, ஒயரம் கம்மியா தெரியுதே. இது மூணாவது வருசந்தானா?"

"சீட்டுல போட்டிருக்குல்ல அண்ணே."

"சீட்டு கெடக்கட்டும்லா. நீங்க சொல்லுங்க."

"ஆமாண்ணே. மூணாவது வருசந்தான்."

அளவுகோல் என் மேசைமேல்தான் இருந்தது. எழுந்து எடுக்கவில்லை. பசி ஒரு காரணம். என்னைச் சந்தேகிக்கிறாரே என்ற கோபம் இன்னொன்று.

மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற தக்கை கேஸ்கெட் கிடைக்காததால் அண்ணன் பழைய பூட்ஸ் தோலை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்து மூடியை இறுக்கினார். அந்தத் தோலின் கனத்தால் உள்ளே கைகள் தட்டவில்லை. எஞ்சின் சுத்தமாக ஓடியது. லாரி அரிசி மூட்டைகளோடு பட்டர்வொர்த்துக்குப் படகேறியது. அக்கரையில் சில மைல் போவதற்குள் சூட்டில் தோல் அமுங்கி, மூடி கீழே இறங்கி, கைகள் தகரத்தைத் தின்று ஓட்டை போட்டுவிட்டன. தெறித்த எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயில் விழுந்து தீப்பிடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரியும் அரிசியும் போயின.

மறுநாள் காலை ராணுவப் போலீஸ் வந்தது. மூடியைப் போட்டது யார் என்று கேட்டார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்தார். மூடியை எடுத்துக் கொடுத்தது யார் என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, "கிராணி, அந்த ரெண்டாவது லாரிக்கு இன்னும் எண்ண ஊத்தல. யாரயாச்சும் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் கிடங்குக் கதவைச் சாத்திவிட்டு மூடிகளை அளந்தேன். மூன்றாம் வருஷத்து மூடி இரண்டாம் வருஷத்துச் சீட்டோடு அலமாரியின் அடியில் கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராணுவப் போலீஸ் கட்டடத்துக்குள் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

நான்காம் நாள் அவர் மனைவி பட்டறை வாசலுக்கு வந்தார். கையில் ஒரு மங்குச் சட்டி, துணியால் மூடியிருந்தது.

"சோறு குடுத்தா வாங்க மாட்டேங்கிறாங்க கிராணி. அவரு என்னா தப்புப் பண்ணாரு? ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா" என்றேன். உள்ளே போய் அந்த மூன்றாம் வருஷத்து மூடியையும் இரண்டாம் வருஷத்து மூடி ஒன்றையும் சீட்டோடு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ராணுவப் போலீஸ் கட்டடத்துக்கு நடந்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தாண்டியதும் காவல் நின்ற ஜப்பானியச் சிப்பாய்க்கு முன் குனிந்து நின்றேன். அவன் சாக்கைக் குத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

அங்கே ஒரு அதிகாரியும், மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவனும் இருந்தார்கள். சீட்டை மாற்றிக் கட்டியவன் நான்தான் என்று சொல்லி மூடிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தபோது இரண்டும் ஒன்றுபோல்தான் தெரிந்தன. பிறகு நிமிர்த்தினேன். ஒரு தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக உள்ளே நிறுத்தி, மேலே அளவுகோலை வைத்தேன். ஒன்றில் அளவுகோல் விளிம்பில் படிந்தது. மற்றதில் தீப்பெட்டிமேல் ஏறி ஆடியது. அதிகாரி தானே இரண்டு முறை செய்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்ததைப் பார்க்கிறவன்போல் தலையை ஆட்டினான். பிறகு எழுந்து வந்து என்னை அறைந்தான். இடது காது இன்றும் சரியாகக் கேட்காது.

"இது நாசவேலை இல்ல, கவனக்குறைவுன்னு சொல்றாரு" என்று மொழிபெயர்ப்பாளன் மலாயில் சொன்னான்.

"அப்ப மெக்கானிக்க விட்டுடுவாங்களா?"

அவன் அதிகாரியைக் கேட்கவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது.

"நேத்து காலையில பிறை ஸ்டேசன்ல ரயில் ஏத்திட்டாங்க. சயாமுக்கு. அங்க ரயில் பாதை போட ஆள் பத்தலன்னு லாக்கப்புல இருந்தவங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க."

மூடிகளைத் திரும்ப எடுத்துப்போய்ச் சரியான சீட்டைக் கட்டும்படி உத்தரவு. எடுத்துப் போனேன். கட்டினேன்.

பிறகு மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். சீட்டு, மூடி, அளவுகோல், நான் சொன்ன ஆமாம், மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா கதவைப் பிடித்தபடி நின்று கேட்டார்.

"மொத நாளே போயிருந்தா?"

"அண்ணே வீட்டுக்கு வந்திருப்பாரு அக்கா."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார்கள். வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ஒருவர் சொன்னார், பர்மா எல்லைக்குக் கிட்டே ஒரு முகாமில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு பினாங்குத் தமிழர் வாந்திபேதியில் போய்விட்டாரென்று. கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

அந்தச் செய்தியையும் நான்தான் கொண்டுபோய்ச் சொன்னேன். அதன்பின் ஒரு வருஷத்துக்குமேல் அந்த அக்கா வழியில் என்னைக் கண்டால் எதிர்ப்புறம் போய்விடுவார். ஒரு நாள் அவரே பட்டறைக்கு வந்தார். கணவரை இழந்தவர்கள் மனுப் போட்டால் உதவி கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; இங்கிலீஷில் எழுத வேண்டுமாம்.

நான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பெயர், வயது, தொழில் எழுதினேன். எதனால் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னா எழுதட்டும் அக்கா?"

"நடந்தத எழுதுங்க. ஒங்க பேரயும் போடுங்க" என்றார்.

எழுதினேன். முடித்ததும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். என் பெயர் வந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கட்டைவிரலில் மையைத் தடவி ரேகை வைத்தார்.