குளிசையும் கூந்தல் நேர்த்தியும்

இரத்தப் புற்றுநோயை ஆராய்கிறவன் காலையில் நல்ல செய்தி கேட்டாலும், அது மாலைவரை தாங்குமா என்றுதான் யோசிப்பான். எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலையில் நான் அப்படித்தான் இருந்தேன். நோயை மருந்தால் அடக்கலாம் என்று அப்போது தெரிந்திருந்தது. அடங்கியது திரும்பி வராமல் எப்படித் தடுப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. முடிவு தெரியாமல் நகம் கடித்தே காலம் தள்ளிய அன்பர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

கரப்பானின் பங்கு

சாம்பல்தீவிலிருந்து தங்கம்மா என்ற தாய் தன் பத்து வயது மகள் பவானியைக் கூட்டிவந்தார். பிள்ளை வெளிறிப்போய், கைகால்களில் காரணமில்லாத நீலக் கண்டல்களோடு நின்றாள். விரலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, காயட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். துறைமுகப் பக்கத்து ஈரக்காற்றில் எதுவும் லேசில் காயாது. திரும்பி வந்து பார்த்தால், நடுவிலிருந்த இரத்தத்தைக் கரப்பான் தின்றிருந்தது. இரத்த ஆய்வுகூடங்களில் இது புதிதல்ல என்றாலும் எனக்கு ஒவ்வொரு தடவையும் தலை கொதிக்கும். இன்னொரு முறை குத்தவேண்டும் என்றேன். பவானி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தங்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்கட கரப்பானுக்கும் சேர்த்தோ டொக்டர் ரத்தம் எடுக்கிறியள்?”

கைதட்டல்

நான் பயந்த நோய்தான். ஊசியும், விழுங்குகிற குளிசையும் தொடங்கினோம். ஊசி நோயைத் தாக்கியதோடு, பிள்ளையின் இடுப்புவரை கிடந்த கூந்தலையும் உதிர்த்துவிட்டது. அவளுடைய கட்டிலுக்கும் என் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டிக்கும் நடுவில் நடந்தே என் செருப்புத் தேய்ந்தது. சில வாரங்களின் பின் எலும்பு மச்சையை எடுத்து அதில் வைத்துப் பார்த்தேன். கெட்ட கலம், அதாவது நோய் பிடித்த இரத்த அணு, ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நம்பாமல் திரும்பவும் பார்த்தேன். பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிக் கைதட்டினேன். என் உதவியாளர் சவரிமுத்தர் வந்து, தானும் குனிந்து பார்த்தார்.

“ஒண்டுமில்லாததைப் பாத்து இவ்வளவு சந்தோசப்படுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன் டொக்டர்.”

வளரவேண்டிய கூந்தல்

கெட்ட கலம் கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கும். ஆகவே வீட்டிலும் குளிசையை நிறுத்தாமல் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். மாதக் கிளினிக்குக்கு ஒருமுறை வந்தார்கள். அதன் பிறகு ஆளைக் காணவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, பஸ் ஏறிச் சாம்பல்தீவுக்கே போய்விட்டேன். பவானி முற்றத்தில் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தாள். தலையில் அரை அங்குல முடி. குளிசைப் போத்தல் சாமிப்படத் தட்டில், தொடப்படாமல் இருந்தது.

தங்கம்மா எதையும் மறைக்கவில்லை. பிள்ளை பிழைத்தால் அவளுடைய கூந்தலை ஊர்க்கோயில் அம்மாளுக்குக் கொடுப்பதாக நேர்த்தி வைத்திருந்தாராம். அந்தக் கூந்தலை மருந்து கொண்டுபோய்விட்டது. குளிசையை நிறுத்தினால்தான் முடி வளரும், வளர்ந்தால்தான் நேர்த்தியை முடிக்கலாம், அதற்குப் பிறகு குளிசையைப் பார்க்கலாம் என்பது அவருடைய கணக்கு. உதிர்த்தது ஊசி, குளிசையல்ல என்று கத்தாத குறையாகச் சொன்னேன். கூந்தல் இடுப்புக்கு வரும்வரை பிள்ளை இருக்கமாட்டாள் என்றும் சொல்லிவிட்டேன். அவர் அழுதார், ஆனால் அசையவில்லை.

“நேர்த்தியை வைச்சுப்போட்டு அம்மாளுக்கு மொட்டைத் தலையையோ காட்டச் சொல்லுறியள்?”

பூசகரிடம் முறையீடு

நேரே கோயிலுக்கு நடந்தேன். தங்கம்மாவும் பவானியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பூசகர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தை மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தேன். சீமைக்குப் போய்ப் படித்தவன் அரை அங்குல முடிக்காக வழக்காட வந்து நிற்கிறேனே என்று எனக்கே எரிச்சல். அவர் துருவலை நிறுத்திவிட்டுப் பவானியைக் கிட்ட அழைத்து, அவள் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு தாயிடம் சொன்னார்:

“இருக்கிற முடியே காணும், வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வா பிள்ளை. அம்மாள் என்ன, முழக்கோலோடயோ நிக்கிறா?”

நிறுத்துவதா, தொடர்வதா

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பவானி திரும்பி வந்தாள். இரத்தம் சுத்தமாக இருந்தது. எனக்குப் போன உயிர் வந்தது. குளிசை தொடர்ந்தது, ஆண்டுகள் போயின, கூந்தலும் தோளைத் தாண்டி வளர்ந்தது.

அடுத்த தலைவலி அதன் பிறகுதான். குளிசையும் உடம்புக்குக் கேடானது. வாழ்நாள் முழுக்கக் கொடுக்க முடியாது. நிறுத்தினால் நோய் திரும்புமா? வெளிநாட்டுச் சஞ்சிகைகளைப் புரட்டினேன். அங்கும் இதைத்தான் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். குளிசையைக் கொடுக்கச் சொல்லி வீடுவரை துரத்திப் போனவனே இப்போது நிறுத்தச் சொல்லவேண்டும். தங்கம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்: “நிப்பாட்டலாம் எண்டுதான் நினைக்கிறன். ஆனா வருத்தம் திரும்பாது எண்டு சொல்ல எனக்கு ஏலாது.”

அவர் மகளின் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னத் தொடங்கினார். நான் எழும்பி யன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் அவர் வாயைத் திறந்தார்.

“ஓம், நிப்பாட்டுவம். ஆனா இந்தமுறை நேர்த்தியை நீங்கள்தான் வைக்கவேணும் டொக்டர்.”

குளிசையை விட்ட பவானி இப்போது கல்யாணமும் கட்டி நிம்மதியாக நித்திரை கொள்கிறாள். அவளுக்கு ஒரு தும்மல், தடிமன் வந்தது என்று கேள்விப்பட்டாலும் எனக்குத்தான் இன்னும் நித்திரை வருவதில்லை.